கறுவாக் குன்றும் கொழும்பு மேசையும்

வெள்ளவத்தையிலே, காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடி இருக்கிறது. அதன் மூன்றாம் மாடியில் வசிக்கும் தாயார் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் என்னிடம் முறைப்பாடு ஒன்று கொண்டுவந்தார். அவருடைய மகன் உயர்தர வகுப்பிலே சித்திரத்தையும் ஒரு பாடமாக எடுத்துப் படிப்பவன்.

"அக்கா, நீங்கள் படம் கீறிப் பிழைக்கிறவர், நீங்களே சொல்லுங்கோ. மேசைக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருந்தானென்றால், பிறகு ஒரு மணித்தியாலம் பல்கனியிலே பூச்சட்டிகளோடு நிற்கிறான். சோதனைக்கு இன்னும் எட்டு மாதந்தான் கிடக்கு. இது வேலைக்கள்ளம் இல்லாமல் வேறென்ன?"

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் தொழில். எனது பல்கனியிலும் பதினொரு பூச்சட்டிகள் உண்டு. மேசைக்கும் சட்டிகளுக்கும் இடையே பொழுதைப் பங்கிடத் தெரியாமல் இருபது ஆண்டுகளாகத் தடுமாறுகிறவள் நான். ஒருமுறை தைப்பொங்கலுக்கு முன்னர், தாங்கக்கூடிய அளவுக்கு மேலே வேலையை ஏற்றுக்கொண்டு, மூன்று கிழமைகள் பல்கனிக் கதவைத் திறவாமலே இருந்து வரைந்தேன். அப்படங்களுள் ஒன்று, மல்லிகைப் பந்தலின் கீழே பாட்டி ஒருத்தி கதை சொல்லும் காட்சி. புத்தகம் வெளிவந்த பின்னர் ஆசிரியை ஒருவர் எனக்குக் கடிதம் எழுதினார். மல்லிகைக்கு இலைகள் கணுவிலே எதிரெதிராக அமைந்திருக்கும், நீங்களோ ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்பது அவர் குறை. சரிபார்ப்பதற்கு என்னிடம் மல்லிகை இருக்கவில்லை. நான் மல்லிகையை வரைந்துகொண்டிருந்த அதே மூன்று கிழமைகளிலே, கதவுக்கு அப்பாலிருந்த மல்லிகை நீரின்றிக் காய்ந்து குச்சியாகிவிட்டது.

மழைக்காலம் வந்தால் என் குற்றம் நேர்மாறானதாக இருக்கும். மண் மாற்றுவதும் பதியன் வைப்பதுமாக நாட்கள் ஓடிவிட, கொடுத்த தவணைக்குப் படங்கள் போய்ச் சேரா. ஆகவே அந்தத் தாயாருடைய கேள்வி என்னையும் சேர்த்துக் கேட்ட கேள்வியாகவே எனக்குப் பட்டது.

என் சித்தப்பா கொட்டாஞ்சேனையிலே வாடகை வீடு ஒன்றிலிருந்து அச்சுக்கூடங்களுக்கு நாட்காட்டிப் படங்களும் விளம்பரப் படங்களும் வரைந்து சீவித்தவர். வீட்டின் பின்புறத்து முற்றம் ஆறடி அகலந்தான். அதில் ஒரு முருங்கை, இரண்டு செவ்வரத்தை, ஒரு துளசிமாடம். விடிந்ததும் அவற்றுக்குத் தண்ணீர் வார்த்துவிட்டுச் சன்னலோரம் அமர்வார். பிற்பகல் நான்கு மணியளவில் அறையிலே வெளிச்சம் குன்றத் தொடங்கும். தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு மறுபடியும் முற்றத்துக்குப் போய்விடுவார். மின்விளக்கின் கீழே நிறம் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அவருக்குப் பொழுதைப் பங்கிட்டுக் கொடுத்தது சூரியன். கொழும்பிலே ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியை அண்டியே சூரியன் மறைவதால், அந்தப் பங்கீடு மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறுவதுமில்லை. இன்று நாங்கள் நள்ளிரவிலும் பட்டப்பகல்போல் விளக்கேற்றி வைத்துக்கொண்டு, எப்போது எழும்புவது என்று தெரியாமல் இருக்கிறோம்.

நிற்க. இந்த விவகாரத்தைப் பற்றி யோசித்தபோதெல்லாம் என் நினைவுக்கு வந்தவர், நமது கொழும்பிலேயே வாழ்ந்த கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா. ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையிலே நீர் நடுவே 1979 முதல் 1982 வரை எழுந்த பாராளுமன்றக் கட்டடத்தை வரைந்தவர் அவரே என்பதை மாணவர்கள் அறிவர். அவருடைய வாழ்க்கையிலே மேசை முந்தியதா, தோட்டம் முந்தியதா என்பதை அறிந்தவர்கள் அவ்வளவு பேரில்லை.

பாவா 1919ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் பேர்பெற்ற வழக்கறிஞர். மகனும் கேம்பிரிட்ஜிலே ஆங்கில இலக்கியம் கற்றுப் பின்னர் இலண்டனில் சட்டம் பயின்று பரிஸ்டரானார். ஆனால் அந்தத் தொழிலிலே அவர் மனம் ஒட்டவில்லை. 1946இல் தாயார் காலமானபின் தொழிலை விட்டு உலகப் பிரயாணம் புறப்பட்டார். இத்தாலியிலே ஏரிக்கரை வீடு ஒன்றை வாங்கித் தோட்டம் போட்டு அங்கேயே தங்கிவிட எண்ணினார். அது கைகூடவில்லை. திரும்பி வந்து, 1948ஆம் ஆண்டு, பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்குள் நீண்டு கிடந்த நிலமொன்றை வாங்கினார். ஒல்லாந்தர் காலத்திலே கறுவாவும் ஆங்கிலேயர் காலத்திலே இறப்பரும் விளைந்த நிலம் அது. அதற்கு அவர் வைத்த பெயர் லுணுகங்க. உப்பு ஆறு என்பது அந்தச் சிங்களச் சொல்லின் பொருள்.

அப்பொழுது அவர் கட்டடக்கலைஞர் அல்லர் என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். அவரிடம் இருந்தவை ஒரு நிலமும், அந்த நிலம் எப்படித் தோன்ற வேண்டுமென்ற ஒரு கனவுமே. குன்றை எங்கே வெட்டுவது, சுவரை எங்கே நிறுத்துவது, கூரையை எப்படி ஏற்றுவது என்று எண்ணத் தொடங்கியபோதுதான் தமக்கு அந்த வித்தை தெரியாது என்பதை உணர்ந்தார். அதற்காகவே 1951இல், முப்பத்திரண்டு வயதளவில், கொழும்பிலிருந்த 'எட்வேட்ஸ், றீட் அன்ட் பெக்' என்ற நிறுவனத்திலே றீட் என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே றீட் காலமானார். பாவா மறுபடியும் இலண்டனுக்குப் போய், கட்டடக்கலைச் சங்கத்தின் கலாசாலையிலே தம்மிலும் மிக இளையவர்களோடு வாங்கிலே அமர்ந்து படித்தார். 1957இல் தேறியபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. பின்னர் அதே பழைய நிறுவனத்திலே பங்காளியானார்.

தோட்டத்தை ஆளத் தெரியாமல் மேசையைத் தேடிப் போனவர் அவர். மேசையிலிருந்து களைத்து எழும்பித் தோட்டத்துக்கு ஓடியவர் அல்லர். வேலை வேறு, பொழுதுபோக்கு வேறு என்று நாம் போடும் கோடு இவர் விஷயத்திலே செல்லுபடியாகாது.

இந்தத் தோட்டப் பைத்தியம் குடும்பச் சொத்து என்றே சொல்ல வேண்டும். தமையனார் பெவிஸ் பாவா பத்து வயது மூத்தவர். தேசாதிபதிகளுக்குப் பரிவார அதிகாரியாக இருந்தவர். ஆளும் நல்ல உயரம். சிற்பமும் எழுத்தும் அவருக்கு மேசை வேலைகள். பேருவளைக்கு அப்பால், குடும்பத்தின் இறப்பர்த் தோட்டத்திலே 1929 முதல் அவர் சிறிது சிறிதாக ஒரு நந்தவனத்தை உருவாக்கினார். அந்த நிலத்தின் பெயர் 'பிறீப்'. வழக்குத்தாள் என்று பொருள்படும் அப்பெயர், தகப்பனார் வழக்கிலே பெற்ற பணத்தால் வாங்கியமையால் வந்தது என்பர். அவுஸ்திரேலிய ஓவியர் டொனல்ட் பிரெண்ட் 1957இல் அங்கே விருந்தாளியாக வந்து, ஐந்து ஆண்டுகளளவு தங்கிவிட்டார். இப்படிப்பட்ட விருந்தாளியையும் விருந்தளித்தவரையும் பற்றி நம் குடும்பத் தலைவிகளின் அபிப்பிராயம் யாதோ!

இளையவரின் தோட்டத்துக்கு வருவோம். வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து தெற்கே பார்த்தால் எதிரே ஒரு குன்று. அதற்குக் கறுவாக் குன்று என்று பெயர். அந்தக் குன்றின் முடியை வெட்டித் தாழ்த்தினார் பாவா. வெட்டியபின் அப்பால் ஏரி நீரும், ஏரிக்கும் அப்பால் தொலைவிலே விகாரை ஒன்றின் வெண்தூபியும் கண்ணுக்குத் தோன்றின. தமக்குச் சொந்தமில்லாத தூபி தம் தோட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. வீட்டுக்கும் குன்றுக்கும் இடையே ஊரார் நடக்கும் பாதையொன்று இருந்தது. அதை மூட முடியாது, மூடவும் இல்லை. பாதை தாழ்வாகச் செல்லுமாறும், புல்தரை ஒரே தொடர்ச்சியாகத் தோன்றுமாறும் நிலத்தை அமைத்துப் பாதையைக் கண்ணிலிருந்து மறைத்தார். குன்றின்மேல் பெரிய சாடி ஒன்றை வைத்தார். ஓடும் கண் ஓரிடத்திலே தரித்து நிற்பதற்கு அந்தச் சாடி போதுமாக இருந்தது.

அங்கே பூக்கள் குறைவு. ஈரவலயத்து மண்ணிலே எதை நட்டாலும் முளைக்கும், நடாதவையும் முளைக்கும். ஆதலால் அந்தத் தோட்டத்திலே நடுவதைக் காட்டிலும் வெட்டுவதே பெரிய வேலை. எந்தக் கொப்பை விடுவது, எதை எடுப்பது என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். தாளிலே தவறாக இழுத்த கோட்டை அழித்துவிடலாம். தவறாக வெட்டிய கொப்பு திரும்பி வருவதற்குப் பல ஆண்டுகள் செல்லும்.

சிங்களத்திலே அரலிய என்று சொல்லும் மரத்தை அவர் வளர்த்த விதம் விசேஷமானது. இளங்கொப்புகளிலே பாரங்களைக் கட்டித் தொங்கவிட்டு, அவை மேல்நோக்கிப் போகாமல் குடைபோலத் தாழ்ந்து விரியும்படி பழக்கினார். நாள்தோறும் செய்யத்தக்க வேலையன்று அது. கட்டிவிட்டுக் காத்திருக்கும் வேலை. தமிழிலே இம்மரத்துக்கு ஈழத்தலரி என்று ஒரு பெயர் உண்டு. உண்மையிலே அதன் தாயகம் அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்கள். எங்கோ பிறந்த மரத்துக்கு நம் நாட்டின் பெயரை யார் வைத்தார்களோ, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி மேசையின் பக்கம். கிழமை நாட்கள் கொழும்புக்கு, கிழமை முடிவு லுணுகங்கவுக்கு. இந்த ஒழுங்கைப் பல பத்தாண்டுகளாக அவர் கைக்கொண்டார். கொழும்பிலிருந்து அறுபது கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம். தோட்டத்துக்குப் போனாலும் வேலை அவரை விட்டுப் போகவில்லை. தோட்டத்திலே இங்கொன்றும் அங்கொன்றுமாக இருக்கைகளும் மேசைகளும் வைத்திருந்தார். காலைக்கு ஓரிடம், மதியத்துக்கு நிழலுள்ள வேறோரிடம், அந்திக்கு நீரோரம். இடத்துக்கு இடம் ஒரு மணி. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நாதம். எந்த மணி ஒலிக்கிறது என்று கேட்டே, ஐயா எங்கே இருக்கிறார், பானத்தை எங்கே கொண்டுபோவது என்று வேலையாட்கள் அறிந்துகொள்வர் என்பர்.

கொழும்பிலும் அவர் தோட்டத்தைக் கைவிடவில்லை என்பதே நமக்கு, அதாவது வெள்ளவத்தை ஒழுங்கைகளிலே நெருங்கி வாழும் நமக்கு, முக்கியமான செய்தி. கொள்ளுப்பிட்டியிலே பகத்தலை வீதியை அடுத்த 33ஆம் ஒழுங்கையில் நான்கு சிறிய வீடுகள் வரிசையாக இருந்தன. 1958இல் அவற்றுள் ஒன்றிலே குடியேறிய பாவா, அடுத்த பத்தாண்டுகளில் நான்கையும் வாங்கி ஒன்றாக்கினார். பெரிய தோட்டத்துக்கு அங்கே இடமேது? கூரையை ஆங்காங்கே நீக்கிச் சிறு முற்றங்கள் செய்தார். பாய் விரிக்குமளவு இடத்திலே ஒரு மரம் அல்லது ஒரு நீர்த்தொட்டி, மேலே வானம். தமிழ்நாட்டின் செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய மரத்தூண்களும் அந்த வீட்டிலே நிற்கின்றன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலே வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதன்று. நடுமுற்றத்திலே மழை விழ, நாற்புறத் தாழ்வாரத்திலும் இருந்து ஆச்சிமார் பாக்கு வெட்டிய வீடுகள் அல்லவா அவை! நகரத்துக்கு வந்தபின் நாம் முற்றத்தை அறையாக்கிக் கொண்டோம். அவர் அறையை முற்றமாக்கினார்.

அல்பிரட் ஹவுஸ் வீதியிலிருந்த அவருடைய அலுவலகமும் இத்தகையதே. 1960களின் தொடக்கத்திலே மருத்துவர் ஒருவருக்கு வீடாக வரையப்பட்டுப் பின்னர் அலுவலகமான அந்தக் கட்டடத்திலே, முற்றம் முற்றமாகக் கடந்தே உள்ளே போக வேண்டும். பிற்காலத்திலே அது உணவுச்சாலையாக மாறிற்று. பத்திக் துணிக்கலையால் புகழடைந்த ஈனா டி சில்வா அம்மையாருக்கு அவர் 1960 முதல் 1962 வரை அமைத்துக் கொடுத்த வீடும் நடுமுற்றத்தைச் சுற்றி எழுந்த வீடுதான். அது பிற்காலத்திலே கொழும்பிலிருந்து பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு லுணுகங்கவுக்குக் கொண்டுபோகப்பட்டு மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. தோட்டத்திலே கற்றவை நகரத்துக்கு வந்தன; நகரத்து வீடு ஒன்று தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தது.

இவ்வளவும் எழுதியபின் ஒன்றை மறைப்பது நேர்மையாகாது. பாவாவுக்குப் பணம் இருந்தது. மனைவி மக்கள் இல்லை. பள்ளிக்கூட வாகனத்துக்குப் பிள்ளையை ஆயத்தம் செய்யும் காலை நேரம் அவருக்கு இருக்கவில்லை. 1967 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய தொழிற்பங்காளியாக இருந்தவர் பூலோகசுந்தரம் என்ற தமிழ்ப் பொறியியலாளர். வரைந்த கனவுகள் விழாமல் நிற்பதற்குக் கணக்குப் பார்த்தவர் அவர். அத்தகைய பங்காளி ஒருவர் இல்லாதிருந்தால், கிழமைதோறும் தோட்டத்துக்குப் போகும் நிம்மதி பாவாவுக்குக் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. குன்றை வெட்டியவர்கள், மண் சுமந்தவர்கள், புல்லை அரிந்தவர்கள் ஆகியோரின் பெயர்களை நான் பார்த்த அழகிய படப் புத்தகங்களிலே தேடியும் காணவில்லை.

பிரெஞ்சு ஓவியர் மொனேயின் கதையும் இதைப் போன்றதே. 1883இல் ஜிவேர்னி என்ற கிராமத்துக்குக் குடிபோன அவர், பத்தாண்டுகளின் பின்னர் ஆற்று நீரைத் திருப்பிக் குளம் வெட்டி அல்லி வளர்த்தார். 1926இல் இறக்கும்வரை அந்த அல்லிகளை ஏறத்தாழ 250 படங்களாக வரைந்தார். அந்தக் குளத்தைத் துப்புரவாக வைத்திருப்பதற்கென்றே ஓர் ஆள் நியமிக்கப்பட்டிருந்தார். படகிலே போய் வாடிய இலைகளைக் களைவது அவர் வேலை. தூரிகை பிடித்த கையை உலகம் அறியும். இலை களைந்த கையை அறியாது.

ஆகவே பதினொரு பூச்சட்டிகளுக்கு உடைமையாளரான நான், அவர்களைப் பார்த்து ஏக்கப்படுவதிலே பொருளில்லை. ஆனால் அவர்கள் கண்ட ஒன்று எனக்கும் வேண்டியதாக இருந்தது. குன்றை வெட்டினால் தூபி தெரியும் என்று கண்ட கண்தான் பின்னர் கட்டடங்களை வரைந்தது. சட்டியோடு நிற்கும் பையன் அங்கே எதைப் பார்க்கிறான்? அதைத் தெரிந்துகொள்ளாமல் வேலைக்கள்ளம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயாரையும் மகனையும் அழைத்துக்கொண்டு, வெள்ளவத்தையிலே அளுத்கமைப் புகைவண்டி ஏறினேன். கடலோரமாகவே போகும் அந்தப் பிரயாணம் ஒன்றுக்காகவே பிள்ளைகளைக் கூட்டிச் செல்லலாம். அளுத்கமையிலிருந்து முச்சக்கரவண்டி. லுணுகங்கவுக்குக் கட்டணம் செலுத்திப் பார்வையாளர் செல்லலாம். பாவாவின் பெயரிலுள்ள நம்பிக்கைப் பொறுப்பு நிறுவனம் அதைப் பராமரிக்கிறது.

வழிகாட்டி முன்னே நடந்தார். நாங்கள் பின்னே நடந்தோம். ஈழத்தலரி மரத்தடியிலே பையன் நின்றுவிட்டான். பையிலிருந்து தாளை எடுத்து, ஒரு கொப்பு வளைந்து தாழும் இடத்தை மாத்திரம் வரையத் தொடங்கினான். வழிகாட்டி பொறுமைசாலி, எங்களை மட்டும் அழைத்துப் போய்க் கறுவாக் குன்றைக் காட்டினார். பாவா 1998இல் பாரிசவாதத்தால் பேச்சிழந்தார் என்பதையும், 2003ஆம் ஆண்டு மே மாதம் காலமானபோது அந்தக் குன்றிலேயே தகனம் செய்யப்பட்டார் என்பதையும் அங்கேதான் தாயாருக்குச் சொன்னேன். திரும்பி வந்தபோது பையன் அதே இடத்திலே, அதே கொப்பின்மேல் கண் வைத்திருந்தான். தாயார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது.

"வீட்டிலே இப்படி இருந்ததில்லை" என்றார், என் காதுக்கு மட்டும் கேட்கும்படி.

"வீட்டிலே பார்த்து வரைய எதைக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நான் அப்படிக் கேட்டது சற்று அதிகந்தான்.

வீடு திரும்பியபின் மூவரும் கூடி ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். காலையிலே பாடசாலைக்கு முன் பத்து நிமிடம் தண்ணீர் வார்ப்பதற்கு, மாலையிலே நாலரை மணி தொடக்கம் ஐந்தரை மணிவரை பல்கனி, அதன்பின் மேசை, மேசைக்கு வந்தால் எழும்புவதில்லை. நானும் அதே நேரத்தை என் வீட்டிலே கைக்கொள்கிறேன். ஒரு கிழமை வழுவாமல் நடப்பதும், மறு கிழமை குழம்புவதுமாக இருக்கிறது. தவணை நெருங்கும் நாட்களிலே பல்கனி நேரத்தைக் கால் மணியாகக் குறைப்பேன், இல்லாமற் செய்வதில்லை. மல்லிகை கற்றுத்தந்த பாடம் அது.

கடற்கரையை அண்டிய வீட்டார் அறிந்துகொள்ள வேண்டிய சில காரியங்கள் உண்டு. உப்புக் காற்றிலே ரோசா வருந்தும். ஈழத்தலரியும் கடதாசிப்பூவும் கற்றாழையும் தாங்கும். கறிவேப்பிலையைச் சுவரின் மறைவிலே வைத்தால் பிழைக்கும். சட்டியின் கீழ்த் தட்டிலே தண்ணீர் தேங்க விடலாகாது. டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்கு அந்தத் தட்டுத் தண்ணீரே போதும். சுகாதாரப் பரிசோதகர் வந்து எங்கள் தொடர்மாடியிலே ஒரு வீட்டாரைக் கண்டித்துவிட்டுப் போனார். அது எந்த வீடு என்று எழுத மாட்டேன்.

சென்ற கிழமை தாயார் மறுபடியும் வந்தார். முகத்திலே பாதி முறைப்பாடு, பாதி சிரிப்பு.

"அக்கா, அலுமாரியின் பழைய பூட்டை மூன்று நாளாய்த் தேடினேன். பல்கனியிலே அந்த அலரிக் கொப்பில் நூல் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். கழற்றட்டோ என்று கேட்டால், இன்னும் ஆறு மாதம் கிடக்கட்டுமாம்."

"கழற்றினீர்களா?"

"இல்லை; காற்றுக்குச் சன்னலிலே இடிக்குது என்று நூலைக் கொஞ்சம் கட்டையாக்கிவிட்டேன்" என்றார்.